கரைவலையில் பட்ட ஆடுகள்

(கத்தி பிடித்த கை: 12)

கரைவலை கடலுக்கு உரியது. அதைக் காட்டுக்குள் இழுத்ததை நான் ஒரே ஒரு நாள்தான் கண்டேன்.

விடிந்து கொஞ்ச நேரம். தில்லைத்திடலின் வடக்கு முனையில் ஒரு கயிறு. தெற்கு முனையில் ஒரு கயிறு. நடுவில் பற்றைக் காடு. காட்டுக்குள் ஆடு. கயிறு பிடித்து நின்றவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். சாரனை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

வலை என் மச்சான் கலந்தருடையது. என் மனைவி சுலைஹாவின் தம்பி அவன். ஊரில் அவன் குடிக்கு, வம்சத்துக்கு, மரைக்கார் என்கிற தலைவன். பள்ளிவாசலில் அவன் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. அன்று கடலில் மீன் சுற்றி வளைப்பது போலவே இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இழு! மடியத் தூக்கிப் புடி! கீழால போகுது, கீழால போகுது!"

"மீனெண்டாக் கீழால போகும் மரைக்கார். இது ஆடு. மேலால போகுது."

உண்மைதான். ஆடு மேலால்தான் போனது. கயிறு பிடித்தவர்களின் தலைக்கு மேலாலும் ஒன்று போனது.

வலைக்காரரின் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். முள் முறிகிற சத்தம் கேட்டது. முதல் வளைப்பில் பட்டவை: ஓர் உடும்பு, ஒரு பழைய டயர், எங்கள் பள்ளி மோதினார். ஆடு இல்லை.

மோதினார் வலைக்குள் கிடந்தபடி, "சுறுக்கா அவுத்து உடுங்கடா, ளுஹருக்குப் பாங்கு சொல்லணும்" என்றார்.

கலந்தர் என்னைப் பார்த்தான்.

"மச்சான், சிரிக்கிறீங்களா?"

"இல்ல."

நான் லேசில் சிரிக்கிறவன் இல்லை. அன்று மட்டும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

ஆடு பிடிக்க வலை எதற்கு, ஊர் எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆடு வந்த வழி

அக்கரைப்பற்றைத் தாண்டித் தெற்கே போனால் உப்புத் தண்ணீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் மேடு கிடக்கிறது. அதுதான் தில்லைத்திடல். ஈச்சம் பற்றை, நாகதாளி, அடம்பன் கொடி. களப்போரம் தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் விறகு வெட்டுகிறவர்களும் உள்ளே போவதில்லை.

ஆடு போயிருந்தது.

செம்மறிதான். பழுப்பு, இடைக்கிடை வெள்ளை. ஆனால் பட்டியில் நிற்கும் செம்மறி மாதிரி இல்லை. காலில் மானின் ஓட்டம். ஆளைக் கண்டால் மணல் தெறிக்கும். எவர் கூப்பிட்டாலும் வராது.

எங்கிருந்து வந்தவை? யோகம்மாவைக் கேட்டால் ஒரு கதை சொல்வாள்.

யோகம்மா திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண். திடலுக்கு மேற்கே மணல் தரையில் கச்சான், நிலக்கடலை, போடுகிறவள். என்னைவிட இளையவள். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்பாள். குரல் மட்டும் என்னைவிடப் பெரிது.

"எங்கட அப்பாட ஆடு காக்கா. ஓடக்குள்ள பட்டியத் திறந்து உட்டுட்டு ஓடினம். மறுகா வந்து பாத்தா, கூப்பிட்டா வருகுதுகள் இல்ல. அப்பா கரையில நிண்டு பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டவர். ஒண்டும் திரும்பிப் பாக்கல்ல."

சண்டையில் ஓடிய வருஷத்தை நான் எழுத மாட்டேன். அந்தப் பக்கமும் ஓடினார்கள். எங்கள் பக்கமும் ஓடினோம். ஆடு மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

பிறகு கடல் வந்தது. திடலில் ஒரு பனை மிஞ்சவில்லை. ஆடு மிஞ்சியது. எப்படி என்று ஆட்டைத்தான் கேட்க வேண்டும்.

கலந்தரைக் கேட்டால் வேறு கதை. அவன் மூத்தவாப்பா, பாட்டன், திருகோணமலையிலிருந்து வள்ளத்தில் இரண்டு செம்மறி கொண்டுவந்தாராம். அவை கயிறு அறுத்துப் போனவையாம். டெய்லர் கடைக்காரரைக் கேட்டால் அவருடைய மாமியின் நேர்ச்சை ஆடு. எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு காலத்தில் ஓர் ஆடு தொலைந்திருந்தது.

ஆனால் ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதுதான் இந்தக் கதைகள் வரும். கச்சான் பூக்கும் காலத்தில் வராது.

கச்சான் காலத்தில் யோகம்மா ஊருக்குள் வந்து சண்டை பிடிப்பாள். "உங்கட ஆடு என்ர கச்சான் கொடியெல்லாத்தையும் திண்டுட்டுது, வந்து பாருங்க."

"எங்கட ஆடா? அது காட்டாடு அக்கா. அல்லாஹ்ட ஆடு."

"போன பெருநாளைக்கு எங்கட ஆடு எண்டீங்க?"

"அது போன பெருநாள்."

ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குப் போனாள். காட்டு விலங்குகளைப் பார்க்கிற அதிகாரி மரியாதையான பிள்ளை. உட்காரக் கதிரை தந்தார். செம்மறி காட்டு மிருகம் இல்லை, வீட்டு மிருகம், தன் வேலைக்குள் வராது என்றார். மிருக வைத்தியரிடம் போனோம். வீட்டு மிருகம் என்றால் வீடு எங்கே, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்.

வரும் வழியில் பஸ்ஸில் யோகம்மா சொன்னாள்: "ரெண்டு பேரும் படிச்சவங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆடுதான் பிழை காக்கா."

நான் ஏன் அங்கே போனேன்

நான் இறைச்சிக் கடைக்காரன். இது இந்தத் தொடர் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு வாப்பா கையில் கயிற்றைத் தந்தார். அதன் பிறகு கத்தி. வேறு தொழில் பழகவில்லை.

மிருகத்துக்கு என்னைத் தெரியும். உடம்பில் போட்ட சேட்டை மாற்றினாலும் தெரியும். சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் தெரியும். வீதியில் நான் போனால் மாடு தலை தூக்கும். ஆடு பின்வாங்கும். கல்யாணத்தன்று மாமி வீட்டு வாசலில் கட்டியிருந்த ஆடு என்னைக் கண்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சுலைஹா இன்றைக்கும் சொல்வாள்: "ஆட்டுக்கு விளங்கிச்சி. எனக்குத்தான் விளங்கல்ல."

ஒருநாள் கடைக்கு வாங்கி வந்த எருது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தேடிப் போனேன். தில்லைத்திடலில் அந்த ஆடுகள் நின்றன. ஒரு பெரிய கிடாய் மணல் மேட்டில் நின்று என்னைப் பார்த்தது. கொஞ்சம் கிட்டப் போனேன். ஓடின.

அது எனக்குப் பழக்கம். வீட்டுக்குத் திரும்ப இருந்தேன்.

அந்த நேரம் மறுபக்கத்தால் ஒரு தூண்டில்காரர் வந்தார். நல்ல மனிதர். எறும்பையும் மிதிக்க மாட்டார். ஆடுகள் அவரைக் கண்டும் ஓடின. அதே தூரம். அதே ஓட்டம்.

என்னை வேறாக வைக்கவில்லை.

அதற்குப் பிறகு பின்னேர அஸர் தொழுதுவிட்டு இடைக்கிடை போய் நிற்பேன். அவ்வளவுதான். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

யோகம்மா முதல் தடவை கண்டபோது பயந்துவிட்டாள்.

"என்ன காக்கா, அறுக்கிறத்துக்கா பாக்கிறீங்க?"

"இல்ல. சும்மா பாக்கிறன்."

"சும்மாவா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சும்மா நிக்கிற ஆள் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. கச்சானுக்குள்ள வராம. நான் உலை வச்சிட்டு வாறன்."

நின்றேன். ஆடு வரவில்லை. நான் கத்தவும் இல்லை, கல் எறியவும் இல்லை. ஆள் நின்றால் போதும், அவை அடம்பன் கொடிப் பக்கம் திரும்பிவிடும். கச்சான் தப்பியது. ஆடும் தப்பியது.

வேலி தேவையில்லை, ஆள்தான் தேவை என்பது அன்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. ஆனால் அடுத்தவள் கச்சானுக்கு எந்த ஊரான் வந்து வெயிலில் நிற்பான்?

கலந்தருக்கு வந்த யோசனை

அந்த வருஷம் ஹஜ்ஜுக்கு முன்னால், உழ்ஹிய்யாக் குர்பானி நேரம், ஆட்டு விலை ஏறிக் கிடந்தது. கல்முனைச் சந்தையிலும் ஆடு இல்லை. கலந்தர் கடைக்கு வந்தான். வந்தால் இறைச்சி வாங்க மாட்டான். மரக்குற்றியில் இருந்து கதைப்பான்.

"மச்சான், நமக்கு ஏன் சந்தை? திடலில இரிக்கிறத்தப் புடிச்சா ஊருக்கே உழ்ஹிய்யா. நீங்க அறுத்தாச் சரி."

"எத்தின?"

"எல்லாந்தான்."

"பெட்டையுமா?"

"ஓம். உட்டா அடுத்த ஊரான் புடிப்பான்."

நான் இறைச்சியை வெட்டினேன். அப்படிப் பிடித்தால் அந்தத் திடலில் இனி ஆடு இல்லை. அது விளங்கியது. கத்தி என்னுடையது என்பதும் விளங்கியது. நான் மாட்டேன் என்றால் நிந்தவூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வருவான்.

கதை திடலுக்குப் போய்ச் சேர ஒரு நாள் எடுக்கவில்லை. யோகம்மா வந்தாள். மாட்டிறைச்சிக் கடைப் படியில் அவள் ஏற மாட்டாள். வீதியின் அந்தப் பக்கம் நின்றாள். நடுவால் பஸ் போனது, த்ரீவீல் போனது. அவள் குரல் எல்லாவற்றுக்கும் மேலால் வந்தது.

"காக்கா! மெய்யா?"

"மெய்தான்."

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

"நீ சந்தோசப்படணும் அக்கா," என்றான் கடையில் இருந்த கலந்தர். "ஒன்ட கச்சான் தப்புது."

நடுவால் இன்னொரு பஸ் வந்தது. பஸ் போனது.

"நாளும் பொழுதும் அதுகள ஏசுறவ நான்தான். நான் ஏசுறத்துக்கெண்டாலும் அதுகள் இருக்கோணும். எங்கட அப்பாட பட்டியில மிச்சம் கிடக்கிறது அதுகள் மட்டும்தான்."

கலந்தர் எழுந்து போனான். வெட்கத்தில் இல்லை. வலை இழுக்கிற ஆட்களைப் பார்க்கப் போனான்.

யோகம்மா என்னைப் பார்த்தாள். "மரைக்கார்மாரோட கதையுங்க காக்கா."

"நான் கதைக்கிற ஆள் இல்ல."

"அப்ப கதைக்காமச் செய்யுங்க."

குறி

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கலந்தர் மௌலவியிடம் கேட்டான். எங்கள் மௌலவி இளம் ஆள். எதையும் இரண்டு தரம் யோசித்துத்தான் சொல்வார். சொந்தக்காரர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும், பள்ளியில் அறிவியுங்கள் என்றார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தில்லைத்திடல் ஆடுகளில் சொந்தம் உள்ளவர்கள் அஸருக்கு வரவும் என்று.

அஸருக்குப் பள்ளி விறாந்தை நிறைந்தது. விடியற்காலைச் சுபஹுக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஐந்து குடி. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். மாட்டுக்குச் சுடுவதற்கு ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. கொழுக்கி, வட்டம், வில் என்று இப்படி. குறியைக் கண்டால் எந்தக் குடி மாடு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஐந்து மரைக்காரும் ஆடு தங்கள் குடியுடையது என்றார்கள். ஒருவரை ஒருவர் பொய்யன் என்றார்கள். மௌலவி தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தூணோடு சாய்ந்து நின்றேன். பிறகு சொன்னேன்.

"குறி போட்டாப் போகுது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த விறாந்தையில் பேசி எத்தனையோ வருஷம்.

"அஞ்சு குடியும் போடட்டும். மறுகா மௌலவிக்கிட்டக் கேட்டுப் பங்கு பிரிக்கலாம். ஆனா குறி போட்டவன் யோகம்மாட கச்சானுக்குக் காவல் இரிக்கணும்."

"அது என்னத்துக்கு?"

"ஒன்ட ஆடுதானே திங்குது."

மரைக்கார்மார் கணக்குப் பார்த்தார்கள். ஆட்டுச் சொந்தத்தை விட்டால் கச்சான் பொறுப்பும் இல்லை, காவலும் இல்லை. ஆடு வேண்டும் என்றால் காவலும் வேண்டும். கலந்தர்தான் முதலில் வாய் திறந்தான்.

"ஓம், இரிப்பம்! பெருநாள் வரைக்குந்தானே. என்ன பெரிய காவல்?"

மற்ற நாலு பேரும் அவனுக்குப் பின்னால் நிற்க முடியுமா? எல்லாரும் ஓம் என்றார்கள். முறை வைத்தார்கள். செம்மறிக்கு நெருப்புக் குறி சரிவராது, மயிர் பற்றிக்கொள்ளும். தோணிக்கு அடிக்கிற பெயின்டால் போடுவது என்று முடிவானது.

மீண்டும் வலைக்கு

அதனால்தான் அன்று வலை.

இரண்டாம் வளைப்பிலும் ஆடு தாண்டிப் போனது. மூன்றாவதில் கலந்தர் புத்தியைப் பாவித்தான். வலையை மேலால் உயர்த்திப் பிடிக்கக் கம்பு நட்டான். களப்புப் பக்கம் ஆட்களை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினான். கத்திக்கொண்டு துரத்தினார்கள். ஆடுகள் மடிக்குள் வந்து குவிந்தன. இருபதுக்குக் கொஞ்சம் கூட. பெரிய கிடாய் கலந்தரின் தொடையில் ஓர் இடி இடித்தது. அவன் வலைக்குள் விழுந்தான்.

"மரைக்காரும் பட்டுட்டார்," என்று மோதினார் சந்தோசமாகச் சொன்னார். "அவருக்கு எந்தக் குறி போடுற?"

பிறகு பெயின்ட் அடித்தார்கள். அங்கேதான் வேடிக்கை.

எந்த ஆடு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. ஓர் ஆட்டை விட்டால் அது மற்றக் குடிக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். அதனால் எல்லாரும் எல்லா ஆட்டிலும் போட்டார்கள். கலந்தரின் நீலக் கொழுக்கி. அதற்குப் பக்கத்தில் பச்சை வட்டம். அதற்கு மேல் மஞ்சள் வில். இன்னொரு குடியின் குறி செம்மஞ்சளில். இடம் போதாமல் வயிற்றுக்குக் கீழும் போட்டார்கள். நானும் என் குடிக் குறியைப் போட்டேன், கறுப்பில்.

"நீங்களுமா மச்சான்?"

"எனக்கும் குடி இரிக்கி."

யோகம்மா ஓரமாக நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, நீயும் போடு."

கலந்தர் குறுக்கே வந்தான். "அக்காவும் போடுறதா? இது பள்ளியில பேசின பேச்சு."

"அப்ப பள்ளியா கச்சான் போட்டு அதுகள வளத்தது?" என்றாள் யோகம்மா.

மோதினார் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு கலந்தரால் ஒன்றும் சொல்ல ஏலவில்லை. தமிழர்களுக்கும் குடி உண்டு, குறி உண்டு. யோகம்மா கோயில் தேருக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் யோசனை இருந்திருக்கிறது. ஒவ்வோர் ஆட்டின் வயிற்றிலும் தன் குறியைப் போட்டாள். போடும்போது வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஏசுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கூப்பிட்ட பேர்கள்.

பங்கு பிரியும் வரைக்கும் மற்றக் குடியின் பட்டியில் அடைக்க ஒருவரும் விடவில்லை. வலையைத் தூக்கியதும் ஆடுகள் ஓடின. பெயின்ட் காயவில்லை. தேர்தல் காலத்து மதில்கள் கால் முளைத்து ஓடுவது போல இருந்தது.

மௌலவி சொன்னது

அடுத்த வெள்ளி. கலந்தர் நொண்டிக்கொண்டு வந்தான். ஐந்து மரைக்காரும் மௌலவியைச் சுற்றி இருந்தார்கள்.

"குறி போட்டாச்சு. ஆறு பேர் சொந்தம். எப்படிப் பங்கு வைக்கிற?"

மௌலவி இரண்டு தரம் யோசித்தார்.

"மாடென்றால் ஏழு பேர் சேர்ந்து கொடுக்கலாம். ஆடு அப்படி இல்லை. ஓர் ஆடு ஓர் ஆளுக்கு. ஆறு பேருக்குச் சொந்தமான ஆட்டை ஒருவர் உழ்ஹிய்யா கொடுக்க ஏலாது. மற்ற ஐந்து பேரும் மனம் விரும்பித் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும்."

ஐந்து மரைக்காரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் வீட்டுக்குப் போக ஏலாது. குடியில் உள்ள பெண்கள் வாசலில் வைத்துக் கேட்பார்கள்.

கலந்தர் யோகம்மாவிடமும் போய்ப் பார்த்தான். "அக்கா, நீங்களாவது விட்டுத் தாங்க."

"தாறன் தம்பி. மத்த எல்லாரும் தந்த பிறகு வாங்க."

அங்கிருந்து நேரே கடைக்கு வந்தான். மரக்குற்றியில் இருக்கவில்லை. நின்றான்.

"மச்சான். ஆடு ஒராளுக்குத்தான் எண்டு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஒவ்வொரு ஹஜ்ஜுக்கும் நான்தானே அறுக்கிறன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே."

அவன் ராத்தாவிடம், என் மனைவியிடம், முறையிட வீட்டுக்குப் போனான். சுலைஹா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: "நானும் இந்த மனிசன் வாய் பேசாதெண்டுதான் நம்பிக் கல்யாணம் முடிச்சன்."

காவல் ஓயவில்லை. நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒரு குடி காவலை விட்டால் மற்றக் குடி இரகசியமாக ஆட்டைக் கொண்டுபோய்விடும் என்று எல்லாருக்கும் சந்தேகம். அதனால் முறை தவறாமல் வந்தார்கள். ஒருவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் வேவு பார்த்தான். ஊர் நாய்களைத் துரத்தினார்கள். மோட்டார் சைக்கிளில் சாக்கோடு வந்த வெளியூர்ப் பொடியன்களைத் துரத்தினார்கள். கச்சானுக்குள் ஆடு வரவில்லை.

அறுகம்பேக்குப் போகும் வெள்ளைக்காரர் இரண்டு பேர் த்ரீவீலை நிறுத்தி ஆடுகளைப் படம் எடுத்தார்கள். இது என்ன என்று கேட்டார்களாம். "இந்த ஊர்ச் சாதி ஆடு, பொறக்கக்குள்ளயே இந்த நிறந்தான்" என்று த்ரீவீல்காரன் சொல்லி அனுப்பினான்.

குறி இல்லாத குட்டி

ஒருநாள் கலந்தர் பல்லைக் காட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அவன் பல்லைக் காட்டினால் எனக்குப் பயம்.

"மச்சான், நேத்துப் பின்னேரம் திடல்ல ஒரு குட்டி கண்டன். வெள்ளக் குட்டி. ஒரு குறியும் இல்ல."

"வலை இழுத்த அண்டு கண்டில்லயே."

"தாய் அத பத்தைக்குள்ள படுக்க வச்சிட்டு ஓடியிருக்கி. அதான் வலையில படல்ல. நாளைக்கு விடிய நான் மட்டும் குறி போடப்போறன். ஒரு குறி, ஒரு சொந்தம். அடுத்த ஹஜ்ஜுக்கு வளந்திரும். இனிப் பொறக்கிறது எல்லாத்துக்கும் முதல்ல ஓடிப் போறவன்தான் சொந்தக்காரன்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

அவன் சொன்னது சரி. இருக்கிற ஆடு கிழடாகிச் சாகும். பிறக்கிற குட்டியெல்லாம் ஒவ்வொருவன் வீட்டுக்குப் போகும். சில வருஷத்தில் திடல் வெறும் மணல். நான் இதை யோசிக்கவில்லை. அவன் யோசித்திருந்தான்.

மற்றக் குடிகளுக்கு அவன் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னான். வெல்வதைக் காட்ட ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு நானும் போனேன். தடுக்க என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன். கலந்தர் பெரிய டின் ஒன்றும் தூரிகையும் கொண்டுவந்திருந்தான். ஒரு குட்டிக்கு அவ்வளவு பெயின்ட் தேவையில்லை. மிச்சம் வரப்போகிற குட்டிகளுக்கு.

யோகம்மா கச்சான் வரம்பில் நின்றாள். விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. கலந்தரோடு சண்டைக்குப் போகவில்லை. எங்களோடு நடந்து வந்தாள்.

தாய் அடம்பன் கொடி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிறு முழுக்க ஆறு குறி. பக்கத்தில் குட்டி. கால் நாலும் குச்சி மாதிரி. எங்களுக்குத் தெரிந்த பக்கம் பால் வெள்ளை.

"கண்டீங்களா?" என்றான் கலந்தர். மூடியைத் திறந்தான். தூரிகையைத் தோய்த்தான். குனிந்து குனிந்து போனான். கடற்கரைக்காரன் மணலில் சத்தமில்லாமல் நடப்பான். தாய் முன்காலால் தரையைத் தட்டியது. யோகம்மா என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை அறியாமல் பிடித்தது.

அந்த நேரம் குட்டிக்குப் பசி வந்தது. பால் குடிக்கத் தாயின் மறுபக்கம் திரும்பியது. அதன் மற்ற விலா எங்கள் பக்கம் வந்தது.

நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு, சிவப்பு. கொழுக்கி எது, வட்டம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடு ஒன்று அப்பிக் கிடந்தது.

வலையில் பட்டு, ஈரப் பெயின்டோடு பற்றைக்குள் ஓடிய தாய் அது. அன்று குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கிறது.

கலந்தர் தூரிகையோடு நின்றான். அதன் நுனியிலிருந்து நீலம் மணலில் சொட்டியது.

"இது குறியில்ல," என்றான். "இது ஊத்தை. ஆரும் போடல்ல."

"தாய் போட்டிருக்கி," என்றாள் யோகம்மா.

"தாய் போட்டாக் குறியா?"

"தம்பி, உங்கட குடி உங்களுக்கு எங்கால வந்த?"

கலந்தர் தூரிகையைத் தாழ்த்தினான்.

"உங்கட வாப்பாட குடியா நீங்க?"

எங்கள் கரையில் முஸ்லிமுக்கும் தமிழருக்கும் இந்த ஒரு விசயம் ஒன்று. குடி தாய் வழி. கலந்தரின் வாப்பா வேறு குடி. கலந்தர் மரைக்கார் ஆனது அவன் உம்மாவின் குடிக்கு. தாயால் குடி வராது என்று அவன் சொன்னால், ஆட்டுக்குட்டிக்கு மட்டும் போகாது. அவனுடைய மரைக்கார் பதவியும் போகும்.

அவன் அதை முழுவதும் யோசித்து முடிக்கும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். முகத்தில் தெரிந்தது.

"அப்ப இனிப் பொறக்கிறது?" என்று மெல்லக் கேட்டான்.

"எல்லாம் தாய்ட குடிதான்," என்றாள் யோகம்மா. "ஆறு குடி."

குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்தது. தூரத்தில் கச்சான் வரம்போரம் இரண்டு ஆடுகள் தலை நீட்டின.

"இண்டைக்கு ஆர்ர காவல்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும்.

கலந்தர் என்னைப் பார்த்தான். ஆடுகளைப் பார்த்தான். பெயின்ட் டின்னைக் கச்சான் வரம்புக்குத் தூக்கிக்கொண்டு போனான். மூடியைப் போட்டான். அது இறுகவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.